ஷேர் டிரேடிங் கம்ப்யூட்டர்: கம்பெனி செட்டா, அசெம்பிளா? ரிச்சி தெருவுக்கு கிளம்பும் முன் உஷார்!

சென்னை: ஷேர் மார்க்கெட்டில் இறங்கும் ஆசாமிகள் முதலில் தேடுவது டிமேட் கணக்கு. அடுத்து கம்ப்யூட்டர். செல்போனிலேயே வாங்கி விற்கலாம் என்றாலும், நாள் முழுக்க சார்ட் பார்க்கிறவர்களுக்கு அந்த குட்டி ஸ்கிரீன் போதாது. அதனால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு பக்கம் வண்டியை விடுகிறார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் கேள்வி, "கேமிங்கா, எடிட்டிங்கா, டிரேடிங்கா சார்?" என்பதுதான். டிரேடிங் என்று சொல்லிவிட்டால் போச்சு! 4 மானிட்டர், கலர் கலராக லைட் எரியும் கேபினட், தனி கிராபிக்ஸ் கார்டு என்று கொட்டேஷன் லட்சத்தை தாண்டி நிற்கும். மிரண்டு போய் ஷோரூம் பக்கம் ஒதுங்கினால், "அசெம்பிள் செட்டை நம்பி பணத்தை போடாதீங்க, கம்பெனி பீஸ்தான் சேஃப்டி" என்று அங்கே வேறு பாட்டு பாடுவார்கள்.

இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. மீதி பாதியில்தான் பலரது காசு கரைகிறது.

வேகம் எங்கே வேணும்?

"டிரேடிங்குக்கு ஸ்பீடு முக்கியம்" என்பதுதான் விற்பனையில் சொல்லப்படும் முதல் வார்த்தை. சரிதான். ஆனால் எந்த ஸ்பீடு?

வீட்டில் உட்கார்ந்து ஒரு ஆர்டரை தட்டினால் அது நேராக பங்குச் சந்தைக்கு போய்விடாது. முதலில் புரோக்கர் நிறுவனத்தின் சர்வருக்கு போகும். கணக்கில் பணம் இருக்கிறதா, மார்ஜின் போதுமா என்று அங்கே பார்ப்பார்கள். அதன் பிறகுதான் மும்பையில் உள்ள என்எஸ்இ, பிஎஸ்இ பக்கம் போகும். சென்னையில் இருந்து இன்டர்நெட் வழியாக மும்பை போய்த் திரும்பவே பல மில்லி செகண்டுகள் ஓடிவிடும்.

மைக்ரோ செகண்டை எண்ணி வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை பங்குச் சந்தையின் டேட்டா சென்டருக்குள்ளேயே வாடகைக்கு வைத்திருக்கின்றன. கோ-லொகேஷன் என்று அதற்குப் பெயர். அவர்களோடு தாம்பரத்திலும் திருவொற்றியூரிலும் உட்கார்ந்து கொண்டு பிராசசர் வேகத்தில் போட்டி போட முடியாது. 30 ஆயிரம் ரூபாய் கூடுதலாக கொடுத்து வாங்கிய பிராசசர், ஆர்டர் போகும் வேகத்தில் ஒண்ணும் கிழிக்கப் போவதில்லை.

கம்ப்யூட்டர் திணறுவது வேறு இடத்தில். பிரவுசரில் பத்து, பதினைந்து சார்ட் திறந்து வைத்து, பக்கத்தில் ஆப்ஷன் செயின், ஓரத்தில் யூடியூபில் பிசினஸ் சேனல் என்று ஓடவிட்டால் 8 ஜிபி ரேம் மூச்சு முட்டும். காலை 9.15க்கு மார்க்கெட் திறந்ததும் விலைகள் தடதடவென மாறும்போது ஸ்கிரீன் உறைந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, சமீப தலைமுறை கோர் ஐ5 அல்லது ரைசன் 5 தரத்தில் ஒரு பிராசசர்... சாதாரண டிரேடருக்கு இதுவே தாராளம். பழைய வருஷங்களின் டேட்டாவை போட்டு தன் உத்தியை சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு 32 ஜிபி இருந்தால் நல்லது. கேமிங் கிராபிக்ஸ் கார்டு? சாயங்காலம் பையன் கேம் ஆடுவதற்கு வேண்டுமானால் வாங்கிக் கொள்ளலாம்.

'எஃப்' எழுத்து ஜாக்கிரதை!

அசெம்பிள் செட்டில் ஒரே ஒரு எழுத்து வேலையை காட்டிவிடும். இன்டெல் பிராசசர்களில் ஐ5-12400 என்று ஒன்று உண்டு. ஐ5-12400எஃப் என்றும் ஒன்று உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுதான். 'எஃப்' போட்டதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கொட்டேஷனில் இதை நுழைத்துவிட்டு, பிறகு "கார்டு போட்டே ஆகணும் சார்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏஎம்டியிலும் இதே கதை உண்டு. ரைசன் 5 5600ல் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜியில் உண்டு. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் அடிப்படை கிராபிக்ஸ் இருக்கிறது. அங்கேயும் 'எஃப்' என்று முடிந்தால் இல்லை.

சரி, தனி கார்டு இல்லாமல் எத்தனை மானிட்டர் ஓடும்? இன்றைய பிராசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் 3 அல்லது 4 திரை வரை தாங்கும். ஆனால் பின்னால் அத்தனை ஓட்டை இருக்க வேண்டுமே! மதர்போர்டில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளே போர்ட் மட்டும் இருந்தால் 2 மானிட்டரோடு கதை முடிந்தது. கம்பெனி செட்டிலும் விலை குறைந்த மாடல்களில் இதே பிரச்சினைதான். பில் போடும் முன் கம்ப்யூட்டரின் முதுகை திருப்பிப் பார்த்து போர்ட்டுகளை எண்ணுவது உத்தமம்.

இந்த இடத்தில் இன்னொரு ஏமாற்றம் நடக்கிறது. "போர்ட் இல்லைன்னா என்ன சார், ஸ்பிளிட்டர் போட்டுக்கலாம்" என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பாவை கொடுப்பார்கள். சாதாரண எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒரே படத்தை இரண்டு மானிட்டரில் காட்டும். அவ்வளவுதான். ஒன்றில் நிப்டி, இன்னொன்றில் பேங்க் நிப்டி என்று தனித்தனியாக வராது.

கம்பெனி செட்டின் பிளஸ், மைனஸ்

கம்பெனி செட் என்றதும் எல்லாமே கப்பல் ஏறி வருகிறது என்று நினைக்க வேண்டாம். டெல் நிறுவனம் 2007ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. லெனோவாவுக்கு புதுச்சேரியில் ஆலை இருக்கிறது. நம்ம ஊர் பக்கத்திலேயே பூட்டிய பெட்டிகள் நிறைய உண்டு.

இதில் பெரிய நிம்மதி, பொறுப்பு ஒரே இடத்தில் இருப்பது. எது கெட்டாலும் ஒரே நம்பருக்கு போன். ஒரிஜினல் விண்டோஸ் பெரும்பாலும் சேர்ந்தே வரும். தனியாக வாங்கினால் அதற்கே சுமார் 10 ஆயிரம் ரூபாய் ஆகும். அசெம்பிள் செட் விலை மலிவு என்று சொல்கிறவர்கள் இந்த பத்தாயிரத்தை கணக்கில் சேர்ப்பதே இல்லை! "ஓஎஸ் நாங்களே போட்டுத் தர்றோம் அண்ணே" என்று திருட்டு விண்டோஸை ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

படம் பார்க்கிற கம்ப்யூட்டரில் அது எப்படியோ போகட்டும். புரோக்கர் கணக்கின் பாஸ்வேர்டை தினமும் தட்டுகிற கம்ப்யூட்டரில், யாரோ உடைத்து எடுத்த விண்டோஸை போடுவது வீட்டுச் சாவியை திண்ணையில் வைப்பது போலத்தான். அதை உடைக்கும் சாஃப்ட்வேர்களோடு பாஸ்வேர்டு திருடும் புரோகிராம்களும் ஒட்டிக்கொண்டு வருவது பழைய கதை. லாகின் செய்ய பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும் என்று 2022ல் கட்டாயமாக்கப்பட்டது ஓரளவு பாதுகாப்பு. அது முழு கவசம் அல்ல.

மைனஸ் என்ன? கம்பெனி டெஸ்க்டாப்புகளில் பல மாடல்களுக்கு பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கென்றே தனி வடிவத்தில் இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் புகைந்தால், ரிச்சி தெருவில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. அதே மாடலின் பாகத்தை தேடி அலைய வேண்டும். மலிவு மாடல்களில் 8 ஜிபி ரேம் மட்டும் போட்டு அனுப்புவதும் வழக்கம்.

"ஆன்சைட் வாரண்டி, மறுநாளே ஆள் வருவார்" என்பதையும் சரியாக புரிந்து கொள்ள வேண்டும். மறுநாள் என்றால் மறு வேலைநாள். அதுவும் போனில் அவர்கள் கேட்கிற சோதனையெல்லாம் முடித்து, பாகம் கையிருப்பில் இருந்தால்! செவ்வாய்க்கிழமை நிப்டி வார எக்ஸ்பைரி அன்று மதியம் 2 மணிக்கு கம்ப்யூட்டர் படுத்தால், புதன்கிழமை வரும் இன்ஜினியரால் அந்த பொசிஷனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அசெம்பிள் செட்: யார் பொறுப்பு?

அசெம்பிள் செட்டில் இந்த தொல்லை குறைவு. எஸ்எம்பிஎஸ் போனால் வேறு ஒன்றை வாங்கி மாட்டலாம். ரேமை கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் கை வேலை தெரிந்தவர், வீட்டில் ஒரு உபரி எஸ்எம்பிஎஸ்ஸும் பழைய ரேம் ஒன்றும் வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் செட் எழுந்து உட்கார்ந்துவிடும்.

கை வேலை தெரியாதவருக்கு நிலைமை தலைகீழ். பிராசசருக்கு ஒரு கம்பெனி, மதர்போர்டுக்கு ஒரு கம்பெனி, எஸ்எஸ்டிக்கு ஒரு கம்பெனி என்று வாரண்டி ஆளுக்கொரு பக்கம் கிடக்கும். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. கண்டுபிடித்து சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் மாற்றுப் பாகம் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை காசு போட்டு இன்னொன்று வாங்க வேண்டியதுதான்.

அதனால் அசெம்பிள் என்று முடிவு செய்தால், செட்டை விட முக்கியம் கடைக்காரர். "கெட்டுப்போனா மாத்து பாகம் போட்டு ஓட வெச்சுத் தருவீங்களா, வாரண்டி வந்தப்புறம் திருப்பிக் கொடுத்தா போதுமா?" என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். இதற்கு சரி சொல்லும் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். தப்பில்லை.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கவே கூடாது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். "பில் இல்லாம எடுத்தா 18 பர்சென்ட் மிச்சம்" என்பது தூண்டில். பில் இல்லாத பாகத்துக்கு வாரண்டி கேட்டால் யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டார்கள். எஃப் அண்டு ஓ வருமானத்தை வணிக வருமானமாக கணக்கு காட்டுகிறவர்கள் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் வரை தேய்மானம் கழிக்கலாம். அதற்கும் பில்தான் ஆதாரம்.

பெட்டியில்லாமல் கவரில் போட்டுத் தரும் 'டிரே' பிராசசரும் சந்தையில் நிறைய ஓடுகிறது. விலை குறையும். ஆனால் அதற்கு இன்டெல் நேரடி வாரண்டி தராது. விற்றவர்தான் பொறுப்பு. புதிது என்று தரும் எஸ்எஸ்டி உண்மையிலேயே புதிதுதானா என்பதை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் காட்டிக் கொடுத்துவிடும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். சில மணி நேரம் என்றால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் இருந்தால் அது யாரோ கழற்றிப் போட்டது!

ரேம் விலை எகிறியது

"அசெம்பிள் பண்ணினா எப்பவும் லாபம்" என்ற கணக்கு 2025 கடைசியில் ஆட்டம் கண்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்கள் மொத்தமாக அள்ளப்பட்டதால் ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் போனது. குருசியல் என்ற பெயரில் சில்லறையில் ரேம், எஸ்எஸ்டி விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் தனித்தனியாக பாகம் வாங்குகிறவர் அன்றைய விலையை கொடுத்தாக வேண்டும். ஷோரூமில் பழைய விலைக்கு வந்து இறங்கிய கம்பெனி செட் ஏதாவது தேங்கியிருந்தால் அதுதான் மலிவு. ஒரே நாளில் இரண்டு பக்கமும் விலை கேட்டு, விண்டோஸ் விலையையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. போன வருஷம் நண்பர் வாங்கிய விலை இதற்கு உதவாது.

15 ஆயிரத்துக்கு கம்பெனி செட்?

அதிகம் பேர் விழும் குழி இது. ஐடி கம்பெனிகளில் லீஸ் முடிந்து கழித்த டெஸ்க்டாப்புகளை துடைத்து, "ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி, 15 ஆயிரம்தான்" என்று விற்கிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல செட்டும் கிடைக்கும். ஆனால் ஐ5 என்று மட்டும் சொல்லி எத்தனையாவது தலைமுறை என்பதை விழுங்கிவிடுவார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8வது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 4வது, 6வது தலைமுறை செட்டுகளில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி விற்பதும் நடக்கிறது. இன்றைக்கு ஓடும். பிறகு ஏதாவது அப்டேட்டில் மக்கர் செய்தால் மைக்ரோசாப்ட் பொறுப்பு ஏற்காது. பணம் புழங்குகிற கம்ப்யூட்டருக்கு இந்த விஷப்பரீட்சை தேவையா?

கம்ப்யூட்டர் படுத்தாலும் ஆர்டர் நிற்குமா?

வாங்குவதை விட இது முக்கியம். ஸ்டாப் லாஸ் ஆர்டரை முறைப்படி போட்டுவிட்டால் அது பங்குச் சந்தையின் சிஸ்டத்தில் காத்திருக்கும். வீட்டில் கரண்ட் போனாலும், செட் எரிந்தே போனாலும் அந்த விலை வந்தால் அது கிளம்பிவிடும். சந்தை ஒரேயடியாக தாவினால் நினைத்த விலையில் முடியாமல் போகலாம் என்பது வேறு விஷயம்.

"மனசுக்குள்ள ஸ்டாப் லாஸ் வெச்சிருக்கேன்" என்கிறவருக்கும், சார்ட் சாஃப்ட்வேரில் அலாரம் மட்டும் வைத்திருப்பவருக்கும் இந்த பாதுகாப்பு கிடையாது. வீட்டு கம்ப்யூட்டரில் தானாக ஆர்டர் போடும் புரோகிராமை ஓட விடுகிறவர்கள் நிலைமையும் அதேதான். செட் நின்றால் எல்லாம் நிற்கும்.

இன்ட்ராடே பொசிஷனை மார்க்கெட் முடியும் 3.30 மணிக்கு முன்பே புரோக்கர் நிறுவனமே மூடிவிடும். அதற்கு தனிக் கட்டணமும் பிடிக்கும். எந்த விலையில் மூடுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை.

அதனால் எந்த செட்டை வாங்கினாலும் செல்போனில் அதே புரோக்கரின் ஆப் லாகின் ஆகி தயாராக இருக்க வேண்டும். போனில் ஆர்டர் போடும் நம்பரை சேமித்து வைக்க வேண்டும். லாகின் ஓடிபி தரும் ஆதென்டிகேட்டரை அந்த கம்ப்யூட்டரின் பிரவுசரில் மட்டும் வைத்திருப்பது முட்டாள்தனம். கம்ப்யூட்டர் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

யுபிஎஸ் வாங்குகிறவர்கள் பலர் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் மட்டும் அதில் மாட்டுகிறார்கள். கரண்ட் போனதும் செட் ஜம்மென்று ஓடும், வைஃபை ரூட்டர் அணைந்திருக்கும்! ரூட்டரையும், ஃபைபர் லைன் டப்பா தனியாக இருந்தால் அதையும், யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும். 4 மானிட்டரை சின்ன 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டினால் சில நிமிடங்களிலேயே கீச் கீச் என்று கத்த ஆரம்பித்துவிடும். கேபினட்டில் எரியும் கலர் லைட்டுக்கு கொடுக்கும் காசில் கொஞ்சம் பெரிய யுபிஎஸ்ஸும், தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் வந்துவிடும். அசெம்பிள் செட்டில் கடைக்காரர்கள் கை வைப்பதும் இந்த எஸ்எம்பிஎஸ்ஸில்தான். கேபினட்டோடு இலவசமாக வருவதை ஒதுக்கிவிட்டு, பெயர் தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் முத்திரை உள்ளதை கேட்டு வாங்குவது நல்லது.

செபி சொல்லும் கணக்கு

கடன் வாங்கி, நகையை அடகு வைத்து "டிரேடிங் செட்டப்" போடுகிறவர்கள் ஒரு விஷயத்தை பார்த்துவிட்டு கடைக்கு போகலாம். எஃப் அண்டு ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான 3 நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். பங்குகளில் இன்ட்ராடே செய்தவர்களிலும் 2022-23ல் 10க்கு 7 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். இவர்களில் 4 மானிட்டர் வைத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே?

புதிதாக வருகிறவருக்கு வீட்டில் ஏற்கனவே இருக்கும் லேப்டாப்போடு ஒரு மானிட்டரை மட்டும் வாங்கி இணைத்தாலே முதல் ஆறு மாசம் தாராளமாக ஓட்டலாம். அப்புறமும் ஆள் மார்க்கெட்டில் இருந்தால் செட் வாங்கட்டும். அப்போது கை வேலை தெரிந்தவர், பக்கத்தில் நம்பகமான கடை உள்ளவர் அசெம்பிள் பக்கம் போகலாம். ஸ்குரூ டிரைவரை பார்த்தாலே நடுங்குகிறவரும், சர்வீஸ் ஆள் எளிதில் கிடைக்காத ஊரில் இருப்பவரும் மூன்று வருஷ ஆன்சைட் வாரண்டியோடு கம்பெனி செட் வாங்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்குவது புத்திசாலித்தனம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிறுத்தாமல் ஓடவிட்டு, எல்லா சார்ட்டும் திறந்து வைத்து, யுபிஎஸ் பிளக்கை சுவரில் இருந்து பிடுங்கிவிட வேண்டும். எத்தனை நிமிஷம் தாங்குகிறது, ரூட்டர் எரிகிறதா, நெட் போனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் திங்கட்கிழமை கடை திறந்ததும் பில்லோடு போய் நின்றுவிடலாம். அன்றைக்கு மட்டும் செல்போனில் பார்த்துக் கொள்ளலாம்.